பாலிஅமீன்கள்: செல்லின் சிறிய நேர்மின் மூலக்கூறுகள்

மனித உடலின் செல் ஒவ்வொன்றிலும் பியூட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என மூன்று சிறு சேர்மங்கள் இருக்கின்றன. இவற்றின் பொதுப்பெயர் பாலிஅமீன்கள். இவ்வளவு எளிய அமைப்பு கொண்ட உயிர்ச்சேர்மங்கள் குறைவு. கார்பன் அணுக்களாலான ஒரு நீண்ட சங்கிலி, அதில் இடைவெளி விட்டு அமீன் தொகுதிகள், அவ்வளவுதான். பியூட்ரெசினில் இரண்டு அமீன்கள், ஸ்பெர்மிடினில் மூன்று, ஸ்பெர்மினில் நான்கு. செல்லுக்குள் இந்த அமீன்கள் ஆளுக்கொரு புரோட்டானைப் பற்றிக்கொண்டு நேர்மின்னூட்டம் பெறுகின்றன. மறுபக்கம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., ஏ.டி.பி., செல்சவ்வின் பாஸ்போலிப்பிடுகள் ஆகியவை எதிர்மின்னூட்டம் உடையவை. பாலிஅமீன்கள் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஈர்ப்பிலிருந்தே பிறக்கின்றன.

மக்னீசியம், கால்சியம் அயனிகளும் நேர்மின்னூட்டம் உடையவைதாம். ஆனால் அவற்றின் மின்னூட்டம் ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது. பாலிஅமீனிலோ அது சங்கிலியின் நீளத்துக்குப் பரவியிருக்கிறது. சங்கிலி வளைந்தும் கொடுக்கும். அதனால் மடிந்து கிடக்கும் ஓர் ஆர்.என்.ஏ. இழையில் தள்ளித் தள்ளி இருக்கும் பாஸ்பேட்டுகளை ஒரே மூலக்கூறால் சேர்த்துப் பிடிக்க முடிகிறது. செல்லில் உள்ள பாலிஅமீன்களில் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.வோடு பிணைந்தே கிடக்கிறது. புரதம் தயாராகும் ரைபோசோம்களுக்கு அருகில் இவற்றுக்கு வேலை அதிகம் இருப்பது இதனால்தான்.

இவற்றில் முதலில் மனிதக் கண்ணில் பட்டது ஸ்பெர்மின். 1670களின் இறுதியில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் ஆன்டனி வான் லூவன்ஹூக் தம் நுண்ணோக்கியில் மனித விந்தை ஆராய்ந்தபோது, விந்தணுக்களோடு, உலர்ந்துகொண்டிருந்த திரவத்தில் தோன்றிய படிகங்களையும் கண்டார். அவை ஸ்பெர்மின் பாஸ்பேட் படிகங்கள். புராஸ்டேட் சுரப்பி ஸ்பெர்மினை ஏராளமாகச் சுரப்பதால் அது விந்தில் மிகுந்திருக்கிறது. படிகத்தைக் கண்டு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்குப் பிறகு, 1920களில்தான், லண்டனில் ஓட்டோ ரோசன்ஹைமும் அவருடன் பணியாற்றியவர்களும் அதன் கட்டமைப்பை உறுதி செய்தார்கள். ஸ்பெர்மிடின் கண்டறியப்பட்டதும் அந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாகத்தான். பியூட்ரெசின் வந்த வழி வேறு. 1885ல் பெர்லினில் லுட்விக் பிரீகர் அழுகும் உடல் திசுக்களிலிருந்து அதையும், அதன் நெருங்கிய உறவான கடாவெரினையும் பிரித்தெடுத்தார். பிணவாடையின் பெயரைச் சுமந்த இந்தச் சேர்மங்கள் அழுகலின் கழிவுகள் என்றே நெடுநாள் கருதப்பட்டன.

அந்தக் கருத்தை மாற்றியதில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் டேபர், சீலியா டேபர் தம்பதிக்குப் பெரும் பங்குண்டு. 1950களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அவர்கள் இந்தச் சேர்மங்களை விடவில்லை. பாலிஅமீன்களைத் தயாரிக்க இயலாத பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் உருவாக்கி, அவை என்னவாகின்றன என்று பார்த்தார்கள். பாக்டீரியா மெதுவாகவேனும் வளர்ந்தது. ஈஸ்ட் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. பாலூட்டிகளில் விளைவு இன்னும் கடுமையானது. பியூட்ரெசின் தயாரிக்கும் நொதிக்குரிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் கரு, கருவுற்ற சில நாட்களிலேயே அழிந்துவிடுகிறது. ஹெர்பர்ட் டேபர் 2020ல் தம் 101ஆவது வயதில் காலமானார். மூப்பைத் தள்ளிப்போடும் பொருளென்று ஸ்பெர்மிடின் விற்கப்படும் காலத்தில் இந்த வயதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது என்றாலும், அதிலிருந்து எதையும் நிரூபிக்கவும் முடியாது.

பாலூட்டிகளின் செல்லில் உற்பத்தி ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. ஆர்ஜினேஸ் நொதி அதை ஆர்னிதினாக்குகிறது. ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ், சுருக்கமாக ஓ.டி.சி., ஆர்னிதினிலிருந்து ஒரு கார்பன் டைஆக்சைடைக் கழற்றிப் பியூட்ரெசினாக்குகிறது. அதன்பின் மெத்தியோனினிலிருந்து பெறப்படும் மூன்று கார்பன் கொண்ட துண்டு ஒன்று சேர்ந்தால் ஸ்பெர்மிடின். அதே துண்டு இன்னொன்று சேர்ந்தால் ஸ்பெர்மின். செல் தானே தயாரிப்பது போக, உணவும் குடலில் வாழும் பாக்டீரியாவும் பாலிஅமீன்களைத் தருகின்றன. தாய்ப்பாலிலும் ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் உண்டு. பால்குடி எலிகளுக்கு வாய்வழி ஸ்பெர்மின் கொடுத்தால் அவற்றின் குடல் உரிய காலத்துக்கு முன்பே முதிர்ச்சி அடைகிறது.

இந்தத் தொடரில் செல் மிக இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பது ஓ.டி.சி.யை. பாலூட்டிப் புரதங்களில் மிகக் குறுகிய ஆயுள் உடையவற்றில் இது ஒன்று. பத்து முதல் முப்பது நிமிடங்களில் பாதி அழிந்துவிடும். அழிக்கும் முறையும் வழக்கத்துக்கு மாறானது. பொதுவாக ஒரு புரதத்தை அழிக்க வேண்டுமானால் செல் அதன்மீது யுபிகுவிட்டின் என்ற அடையாளத்தை ஒட்டி, புரோட்டியாசோம் என்ற சிதைவுக் கூடத்துக்கு அனுப்பும். ஓ.டி.சி.க்கு அந்த அடையாளம் தேவையில்லை. ஆன்டிசைம் என்ற புரதம் வந்து ஒட்டிக்கொண்டாலே போதும், புரோட்டியாசோம் அதை விழுங்கிவிடும்.

ஆன்டிசைம் உருவாகும் விதம் மூலக்கூறு உயிரியலின் அழகிய வினோதங்களில் ஒன்று. ரைபோசோம் தூது ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துச் செல்வது விதி. ஆன்டிசைமின் தூது ஆர்.என்.ஏ.வில் பாதி வழிக்கு முன்பே நிறுத்தக் குறியீடு வந்துவிடுகிறது. அங்கே நின்றுவிட்டால் கிடைப்பது பயனற்ற துண்டு. பாலிஅமீன்கள் மிகுந்திருக்கும்போது மட்டும் ரைபோசோம் அந்த இடத்தில் ஓர் எழுத்து தாண்டி, சட்டகம் மாறிப் படிக்கிறது. முழு ஆன்டிசைம் பிறக்கிறது. பிறந்த ஆன்டிசைம் ஓ.டி.சி.யை அழிக்கிறது, வெளியிலிருந்து பாலிஅமீன் உள்ளே வருவதையும் தடுக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் நீர் ஏற ஏற மிதவை குழாயை அடைப்பது போல, பாலிஅமீனின் அளவே அதன் உற்பத்தியை அடைக்கிறது. ஈஸ்ட் முதல் மனிதன் வரை இந்தச் சட்டக மாற்றம் பேணப்பட்டிருக்கிறது. இத்தனை சிக்கலான ஏற்பாட்டைப் பரிணாமம் இவ்வளவு காலம் கைவிடாமல் வைத்திருப்பதிலிருந்தே, இந்தச் சேர்மங்களின் அளவு தவறுவது எவ்வளவு ஆபத்தானது என்று ஊகிக்கலாம்.

ஈர்ப்பினால் ஆகும் பொதுவான வேலைகள் தவிர, மிகத் துல்லியமான வேலைகளும் பாலிஅமீன்களுக்கு உண்டு. புரதத் தயாரிப்பில் உதவும் இ.ஐ.எஃப்.5.ஏ. என்ற காரணியில், ஒரு குறிப்பிட்ட லைசின்மீது ஸ்பெர்மிடினின் ஒரு பகுதி பொருத்தப்பட்டு ஹைப்பூசின் என்ற அரிய அமினோ அமிலம் உருவாகிறது. இந்த அமினோ அமிலம் கிட்டத்தட்ட இந்த ஒரு காரணியில் மட்டுமே காணப்படுகிறது. புரோலின்கள் அடுத்தடுத்து வரும் இடங்களில் ரைபோசோம் தடைபட்டு நின்றுவிடும். ஹைப்பூசின் பெற்ற காரணிதான் அதை நகர்த்துகிறது. ஸ்பெர்மிடின் குறைந்தால் எல்லாப் புரதங்களும் ஒரே அளவில் குறையாமல், இத்தகைய வரிசை கொண்ட குறிப்பிட்ட சில புரதங்கள் முதலில் குறைவது இதனால்தான்.

இன்னொரு வேலை இதயத்தில். இதயத் தசைச் செல்லில் பொட்டாசியம் அயனிகள் செல்லும் ஒருவகைக் கால்வாய் உள்ளே வர எளிதாகவும் வெளியே செல்லக் கடினமாகவும் வழிவிடுகிறது. இந்த ஒருதலைப் போக்குக்குக் காரணம் என்ன என்பது உடலியங்கியலில் பழைய புதிர். 1994ல் விடை கிடைத்தது. செல்லுக்குள்ளிருக்கும் ஸ்பெர்மினும் ஸ்பெர்மிடினும் கால்வாயின் உட்பக்க வாயிலில் புகுந்து, பொட்டாசியம் வெளியேறுவதை அடைக்கின்றன. ஒவ்வொரு இதயத் துடிப்பின்போதும் தசைச் செல்லின் மின்னழுத்தம் உயர்ந்த நிலையில் சற்றுநேரம் நீடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பொட்டாசியம் வீணாக வழிந்தோடாமல் இருப்பது இந்த அடைப்பினால்தான். மூளையிலும் குளூட்டமேட் ஏற்பிகள் சிலவற்றை ஸ்பெர்மின் இதேபோல் உள்ளிருந்து அடைக்கிறது. சில சிலந்திகளும் குளவிகளும் இதை முன்பே தெரிந்து வைத்திருந்தன போலும். இரையைச் செயலிழக்க வைக்கும் அவற்றின் நஞ்சில் பாலிஅமீன் வால் கொண்ட மூலக்கூறுகள் உள்ளன. அவை இதே வகை ஏற்பிகளை வெளியிலிருந்து அடைக்கின்றன.

பாலிஅமீன்கள் சிதைவது தனிக் கதை. ஸ்பெர்மின் ஆக்சிடேஸ் என்ற நொதி ஸ்பெர்மினை ஸ்பெர்மிடினாக்கும்போது, உடன்விளைவாக ஹைட்ரஜன் பெராக்சைடும், அக்ரோலினாக மாறக்கூடிய ஓர் ஆல்டிஹைடும் உண்டாகின்றன. அளவுக்கு மீறிக் காய்ந்த எண்ணெய் கண்ணையும் மூக்கையும் எரிப்பது இந்த அக்ரோலினால்தான். அது புரதங்களோடு ஒட்டி அவற்றைக் கெடுக்கிறது. பக்கவாதத்தில் மூளைத் திசு அழியும்போது அக்ரோலின் ஒட்டிய புரதங்கள் இரத்தத்தில் உயர்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியா குடியேறும்போது, அங்கே உள்ள செல்களில் ஸ்பெர்மின் ஆக்சிடேஸ் மிகுகிறது. அதிலிருந்து எழும் பெராக்சைடு டி.என்.ஏ.வைத் தாக்குகிறது. நாட்பட்ட இரைப்பை அழற்சி புற்றுநோயில் முடிவதற்கான பாதைகளில் இதுவும் ஒன்று.

புற்றுநோயோடு பாலிஅமீன்களின் தொடர்பு 1968ல் வெளிச்சத்துக்கு வந்தது. டயான் ரசலும் சாலமன் ஸ்னைடரும், வெட்டியபின் மீண்டும் வளரும் எலிக் கல்லீரல், கோழிக் கரு, பல கட்டிகள் ஆகியவற்றில் ஓ.டி.சி.யின் செயல்பாடு பலமடங்கு உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். வேகமாக வளரும் திசு எதுவானாலும் பாலிஅமீன் வேண்டும் என்பது அதன் பொருள். பின்னர் காரணமும் விளங்கியது: பல புற்றுநோய்களில் கட்டுப்பாடு இழக்கும் மிக் என்ற புற்றுமரபணு, ஓ.டி.சி. மரபணுவை நேரடியாக முடுக்கிவிடுகிறது.

அப்படியானால் ஓ.டி.சி.யை முடக்கினால் கட்டி அடங்க வேண்டும். 1970களில் டி.எஃப்.எம்.ஓ. என்ற சேர்மம் அதற்காகவே உருவாக்கப்பட்டது. மருந்தாக அதன் பெயர் எஃப்லார்னிதின். ஆர்னிதினைப் போலவே தோற்றமளித்து நொதிக்குள் நுழையும் இது, வேதிவினை தொடங்கியதும் நொதியோடு நிரந்தரமாகப் பிணைந்து அதை முடக்கிவிடும். ஆய்வகத்தில் சிறப்பாக வேலை செய்த மருந்து, முற்றிய புற்றுநோய்களில் தனித்துக் கொடுத்தபோது பெரும்பாலும் ஏமாற்றியது. உற்பத்தியை அடைத்ததும் கட்டிச் செல்கள் சுற்றுப்புறத்திலிருந்து பாலிஅமீன்களை இழுத்துக்கொண்டன. உணவும் குடல் பாக்டீரியாவும் அவற்றுக்குக் கைகொடுத்தன.

மருந்தின் முதல் வெற்றி எதிர்பாராத இடத்தில் வந்தது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ட்செட்சி ஈயின் கடியால் பரவும் உறக்க நோய்க்குக் காரணம் டிரிப்பனோசோமா புரூசி காம்பியென்ஸ் என்ற ஒட்டுண்ணி. அது மூளைக்குள் புகுந்தபின் தரப்பட்ட பழைய மருந்தான மெலார்சோப்ரால், ஆர்செனிக் கலந்தது. அந்த மருந்தே நோயாளிகளில் சுமார் 20 பேருக்கு ஒருவரைக் கொன்றது. எஃப்லார்னிதினோ மயக்கத்தில் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைத்தது. மனிதனுக்கும் ஒட்டுண்ணிக்கும் ஒரே நொதிதானே, மருந்து மனிதனை ஏன் கொல்லவில்லை? விடை நொதியின் ஆயுளில் இருக்கிறது. மனித ஓ.டி.சி. சில நிமிடங்களில் அழிந்து புதிதாகத் தயாராகிக்கொண்டே இருப்பதால், முடங்கிய நொதியின் இடத்தைப் புதியது பிடித்துவிடும். ஒட்டுண்ணியின் நொதியோ பல மணிநேரம் நிலைப்பது. அது முடங்கினால் மாற்று உடனே வராது. தவிர, டிரிப்பனோசோம்கள் தங்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் டிரிப்பனோதயோன் என்ற மூலக்கூறில் ஸ்பெர்மிடின் ஒரு பாகம். ஸ்பெர்மிடின் இல்லையேல் அந்தக் கவசமும் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் ரொடீசியென்ஸ் வகை ஒட்டுண்ணி மட்டும் இம்மருந்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை.

1990ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தின் உற்பத்தி 1990களின் நடுவில் நின்றுபோனது. காரணம் அறிவியல் அல்ல. வாங்க வேண்டியவர்களிடம் பணமில்லை. 2000ல், பெண்களின் முகத்தில் வளரும் தேவையற்ற முடியைக் குறைக்கும் களிம்பாக அதே எஃப்லார்னிதின் பணக்கார நாடுகளின் சந்தைக்கு வந்தது. முடியின் வேர்களிலும் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, அங்கும் ஓ.டி.சி. வேண்டும். அந்தக் களிம்பின் வருகையும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உள்ளிட்டோர் கொடுத்த நெருக்குதலும் சேர்ந்து, 2001ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழியே ஊசிமருந்தை இலவசமாக வழங்கும் உடன்பாடு கையெழுத்தானது. பின்னர் நிஃபுர்டிமாக்ஸ் மாத்திரையோடு சேர்த்துத் தரும் கூட்டு சிகிச்சை வந்தது. இரு வாரங்கள் நாளுக்கு நான்கு முறை நரம்பில் ஏற்ற வேண்டியிருந்த மருந்து ஒரு வாரம், நாளுக்கு இரு முறை என்று சுருங்கியது. உறக்க நோய்த் தொற்று 2018 முதல் உலக அளவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அதில் இந்த மருந்துக்கும் பங்குண்டு.

புற்றுநோயிலும் மருந்து முற்றாகக் கைவிடப்படவில்லை. பெருங்குடலில் மொட்டுக்கட்டிகள் அகற்றப்பட்ட 375 பேரிடம் நடந்து 2008ல் வெளியான சோதனையில், எஃப்லார்னிதினும் சுலிண்டாக் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தும் சேர்த்து மூன்றாண்டு பெற்றவர்களில் 12.3 விழுக்காட்டினருக்கே கட்டி மீண்டும் தோன்றியது. போலி மாத்திரை பெற்றவர்களில் அது 41.1 விழுக்காடு. ஆனால் பரம்பரையாகப் பெருங்குடலில் நூற்றுக்கணக்கான கட்டிகள் தோன்றும் நோயில் 2020ல் வெளியான சோதனை, இந்தக் கூட்டு தனி மருந்துகளைவிடத் தெளிவாக மேலானது என்று காட்டவில்லை. 2023 டிசம்பரில், தீவிர நியூரோபிளாஸ்டோமாவுக்குச் சிகிச்சை முடித்த குழந்தைகளிடம் நோய் திரும்பாமல் தடுக்கும் மாத்திரையாக எஃப்லார்னிதினை அமெரிக்கா அனுமதித்தது. அக்கட்டிகளில் பலவற்றை இயக்குவது மிக் குடும்பத்தைச் சேர்ந்த புற்றுமரபணு என்பதால் இந்தத் தேர்வு தற்செயல் அல்ல. செவித்திறன் குறைவது இம்மருந்தின் கவனிக்க வேண்டிய பக்கவிளைவு.

பாலிஅமீன்களின் அளவு பிறவியிலேயே பிசகினால் என்னவாகும் என்பதை அரிய நோய்கள் இரண்டு காட்டுகின்றன. ஸ்னைடர்-ராபின்சன் நோய்க்குறி 1969ல் விவரிக்கப்பட்டது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஸ்பெர்மின் சிந்தேஸ் மரபணுவின் பிறழ்வே காரணம் என்று 2003ல் தெரிந்தது. இந்நோயுள்ள சிறுவர்களுக்கு அறிவுத்திறன் குறைபாடு, தசைத் தளர்ச்சி, எளிதில் முறியும் எலும்புகள், முதுகெலும்பு வளைவு, பலருக்கு வலிப்பு ஆகியவை உண்டு. ஸ்பெர்மின் குறைகிறது என்பதோடு நிற்பதில்லை, பயன்படாத ஸ்பெர்மிடின் தேங்கவும் செய்கிறது. எந்தக் கேடு குறைவால், எது தேக்கத்தால் என்று பிரிப்பது எளிதல்ல.

2018ல் விவரிக்கப்பட்ட பாக்மன்-பப் நோய்க்குறி இதற்கு எதிர்ப்புறம். ஓ.டி.சி.யின் வால்பகுதி துண்டாகிப் போகும் பிறழ்வு அது. புரோட்டியாசோம் நொதியை விழுங்கத் தேவைப்படும் பகுதி அந்த வால்தான். வால் போனால் நொதி அழியாமல் குவிகிறது; பியூட்ரெசின் மிகுகிறது. குழந்தைகளின் வளர்ச்சி தாமதப்படுகிறது, தலைமுடியும் புருவமும் உதிர்ந்துவிடுகின்றன. நோயைக் கண்டறிந்தபோதே மருந்து அலமாரியில் தயாராக இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு குழந்தைக்குச் சிறப்பு அனுமதியுடன் எஃப்லார்னிதின் தரப்பட்டதும், சில மாதங்களில் தலைமுடியும் புருவமும் வளரத் தொடங்கின. முகமுடியைக் குறைக்க விற்ற மருந்தே இங்கே முடியை வளர்த்தது.

நரம்புச் சிதைவு நோய்களில் தெரியவந்த இணைப்பு இன்னும் புதியது. ஜோர்டானின் குஃபோர் ராகெப் என்ற ஊரின் பெயரால் அறியப்படும், இளவயதிலேயே தாக்கும் பார்க்கின்சன் வகை நோய்க்கு ஏ.டி.பி.13ஏ2 என்ற மரபணுவின் பழுது காரணம். அந்தப் புரதம் எதைக் கடத்துகிறது என்பது நெடுநாள் தெரியாமல் இருந்தது. 2020ல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள், அது லைசோசோமிலிருந்து பாலிஅமீன்களை, குறிப்பாக ஸ்பெர்மினை, வெளியேற்றும் பம்பு என்று காட்டினார்கள். பம்பு பழுதானால் பாலிஅமீன்கள் லைசோசோமில் தேங்கி, அதை வெடிக்கச் செய்து செல்லைக் கொல்கின்றன. செல்லின் ஓர் அறையில் அளவு பிசகினாலே போதும் என்பதற்கு இது சான்று.

மூப்பைப் பற்றிய ஆய்வுதான் பாலிஅமீன்களைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. வயது ஏறஏறப் பல திசுக்களில் ஸ்பெர்மிடின் குறைகிறது. 2009ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஃபிராங்க் மாடியோவின் குழு, ஸ்பெர்மிடின் ஊட்டினால் ஈஸ்ட், பழ ஈ, உருளைப்புழு ஆகியவற்றின் ஆயுள் நீள்வதைக் காட்டியது. செல் தன் பழுதடைந்த பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் தன்னுண்ணல் என்ற செயலே அதற்கு வழி. 2016ல் சுண்டெலிகளிலும் இது நிலைநிறுத்தப்பட்டது: குடிநீரில் ஸ்பெர்மிடின் பெற்றவை கூடுதல் நாட்கள் வாழ்ந்தன, அவற்றின் முதிய இதயங்களும் இளகிய தன்மையோடு இருந்தன. இதயத்தில் தன்னுண்ணல் இயலாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை.

மனிதரில் உள்ள சான்று வேறு தரத்தது. இத்தாலியின் புரூனெக் நகரில் 829 பேரின் உணவைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு, ஸ்பெர்மிடின் மிகுந்த உணவு உண்டவர்களில் இறப்பு விகிதம் குறைவு என்று 2018ல் தெரிவித்தது. ஆனால் கோதுமை முளை, சோயா, பயறு வகைகள், காளான், முதிர்ந்த பாலாடைக்கட்டி ஆகியவைதாம் ஸ்பெர்மிடின் மிகுந்தவை. அவற்றை நிறைய உண்பவர்கள் வேறு பல வகையிலும் நல்ல உணவுப் பழக்கம் உடையவர்களாக இருக்கக்கூடும். அந்தக் குழப்பத்தை நீக்க வேண்டுமானால் குலுக்கல் முறைச் சோதனை வேண்டும். பெர்லினில் நினைவாற்றல் குறைவதாக உணர்ந்த முதியோர் 100 பேருக்கு ஓராண்டு நாளுக்கு 0.9 மில்லிகிராம் ஸ்பெர்மிடின் தந்த சோதனை 2022ல் வெளியானது. நினைவாற்றலில் பயன் தெரியவில்லை. சாதாரண உணவிலிருந்தே இதைப்போலப் பல மடங்கு கிடைக்கிறது என்பதை நினைத்தால் அந்த முடிவு வியப்பளிக்காது. 2023ல் வெளியான இன்னொரு சிறு சோதனையில் நாளுக்கு 15 மில்லிகிராம் கொடுத்தும் இரத்தத்தில் ஸ்பெர்மிடின் உயரவில்லை, ஸ்பெர்மின்தான் உயர்ந்தது. விழுங்கும் மாத்திரை உடலுக்குள் சென்று சேருமுன்பே உருமாறிவிடுகிறது போலும்.

ஒரே மூலக்கூறு ஒரே உடலில் இரு தரப்புக்கும் தேவைப்படுவது நோய் எதிர்ப்பில்தான் நன்றாகத் தெரிகிறது. கட்டியை அழிக்கும் டி செல்களில், முதிய சுண்டெலிகளிடம், ஸ்பெர்மிடின் இளையவற்றில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் என்று கியோட்டோவில் தசுகு ஹொன்ஜோவின் குழு 2022ல் கண்டது. ஸ்பெர்மிடின் கொடுத்தபோது அச்செல்களில் கொழுப்பை எரித்து ஆற்றல் எடுக்கும் நொதி ஊக்கம் பெற்றது. நோயெதிர்ப்பு மருந்துக்கு மசியாத கட்டிகள் முதிய சுண்டெலிகளில் அடங்கின. மறுபக்கம் அதே ஸ்பெர்மிடினைக் கட்டிச் செல்லும் தேடி இழுக்கிறது. கட்டியைப் பட்டினி போடும் எஃப்லார்னிதின் டி செல்லையும் பட்டினி போடலாம். டி செல்லை ஊட்டும் ஸ்பெர்மிடின் கட்டியையும் ஊட்டலாம். அதனால் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் தாமாகவே ஸ்பெர்மிடின் மாத்திரை வாங்கி உண்பதற்கு இன்று மருத்துவ ஆதாரம் இல்லை.